பழைய பட்டடை: செய்தவரையும் காலத்தையும் தேடிப் பிடிப்பது எப்படி?

துருத்தி கிழிந்துபோகும். சம்மட்டியின் பிடி உளுத்துப்போகும். உலை இடிந்து மண்ணோடு மண்ணாகும். பட்டடை மட்டும் நூறு, நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் போட்ட இடத்தில் கிடக்கும். அடைகல் என்றும் சொல்வார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அந்தக் கனத்த இரும்புக் கட்டிதான். யாருடைய கொட்டகையிலிருந்தோ, ஏலத்திலிருந்தோ, பழைய இரும்புக் குவியலிலிருந்தோ அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் உடனே எழும் கேள்வி: இதை யார் செய்தார்கள்? எப்போது?

பலர் நினைப்பதைவிட அதிகமான பட்டடைகளுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். ஆனால் தேடலைப் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது. பக்கவாட்டில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பதும், தெரியாவிட்டால் கைவிடுவதும் எல்லோரும் செய்வது. எழுத்துதான் முதலில் தேயும். தேயாமல் இருந்தாலும் ஒரே பெயர் இரண்டு ஊரைக் குறிக்கலாம், ஒரே படம் இரண்டு கம்பெனிக்கு இருக்கலாம். பட்டடை எதனால் ஆனது, எப்படி உருவாக்கப்பட்டது, எடை எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது ஆகிய மூன்றும் பொய் சொல்லாது. அவற்றை முதலில் பார்த்துவிட்டு, பெயரைக் கடைசியில் கேட்க வேண்டும்.

இங்கே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஸ்வீடன் நாடுகளில் 18ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடு வரை செய்யப்பட்ட பட்டடைகளைப் பற்றி. ஏராளமாகச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டவை அவை. முத்திரை குத்தும் வழக்கமும் அங்கே உறுதியாக இருந்தது.

உறுப்புகளின் பெயர்கள்

மேலே தட்டையாக இருப்பது முகம். ஒரு முனையில் கூம்பிப் போவது கொம்பு. கொம்புக்கும் முகத்துக்கும் நடுவில் சற்றுத் தாழ்ந்த சிறு படி இருக்கும். உளி வைத்து வெட்டும் இடம் அது. கொம்புக்கு எதிர்முனை வால். வாலை ஒட்டி முகத்தில் ஒரு சதுரத் துளையும், பல பட்டடைகளில் அதன் பக்கத்தில் ஒரு சிறிய வட்டத் துளையும் இருக்கும். சதுரத் துளை உளி போன்ற கருவிகளைச் செருகி நிறுத்த. வட்டத் துளை லாடத்துக்கும் மற்ற வேலைக்கும் ஓட்டை குத்தும்போது கருவி கீழே இறங்க. நடுவில் ஒடுங்குவது இடுப்பு, கீழே விரிவது பாதங்கள். இவ்வளவு போதும்.

இப்போதே ஒரு காலக் குறிப்பு சொல்லிவிடுகிறேன். வட்டத் துளை எப்போதும் இருந்ததல்ல. இங்கிலாந்துப் பட்டடைகளில் அது சுமார் 1830 வாக்கில்தான் பரவலாக வருகிறது. கொம்பு குட்டையாக, உடல் கட்டையாக, வட்டத் துளையே இல்லாமல் ஒரு பட்டடை இருந்தால் அது அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பிற்காலத்தில் யாரோ துளை போட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். துளையின் உட்சுவர் கடைசல் பிடித்தது போல வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உடல் எதனால் ஆனது?

தேடலின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். அதனால் இதற்கு நிறைய நேரம் கொடுங்கள்.

பழைய பட்டடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தேனிரும்பால் அடித்துச் செய்தது. பல இரும்புத் துண்டுகளை உலையில் வெண்மையாகக் காய்ச்சி, சம்மட்டியாலோ நீர்ச்சக்கரமோ நீராவியோ இயக்கிய பெரிய சுத்தியலாலோ அடித்து ஒன்றாக ஒட்டவைப்பார்கள். அதன்மேல் எஃகுத் தகட்டை அதே போலக் காய்ச்சி ஒட்டி முகமாக்குவார்கள். தேனிரும்பு மென்மையானது, எஃகு முகம் கடினமானது. இரண்டும் சேர்ந்தால்தான் உடையாமலும் குழியாமலும் நிற்கும். இரண்டாம் வகை வார்ப்பிரும்பு உடல், அதன்மேல் எஃகு முகம். மூன்றாவது முழுவதும் எஃகாகவே அச்சில் வார்த்தது.

அடித்துச் செய்ததற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. இடுப்பிலோ அடிப்பகுதியிலோ விரல் நுழையும் அளவுக்குச் சதுரக் குழிகள் இருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு யாரோ பின்னாளில் போட்ட ஓட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. கொதிக்கிற அந்தப் பெரிய கட்டியைத் தூக்கவும் திருப்பவும் இரும்புக் கம்பியைச் செருகிய குழிகள் அவை. அவற்றைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் அந்தக் கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்த ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். நூறு கிலோ நெருப்பை நாலைந்து பேர் சேர்ந்து திருப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு அடையாளம் துரு. வார்ப்பிரும்பு துருவேறினால் பரப்பு சொரசொரப்பாக, ஒரே மாதிரி இருக்கும். தேனிரும்பு ஆழமாகத் துருப்பிடித்தால் மரத்தின் நார்போல நீளக் கோடுகள் தெரியும். அதற்குள் இருக்கும் கசடு இழைகளால் வருவது அது. பாதங்களின் அடியில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

எழுத்து உள்ளே குழிந்திருக்கிறதா, வெளியே புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடித்துச் செய்த பட்டடையில் முத்திரை குத்தப்படும்; எழுத்து குழிந்திருக்கும். வார்த்ததில் எழுத்து பெரும்பாலும் அச்சிலேயே இருந்து வரும், புடைத்திருக்கும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் உடல் நெடுக மெல்லிய தையல் கோடும் சில சமயம் தெரியும்.

அப்புறம் ஓசை. சின்னச் சுத்தியலால் முகத்தில் லேசாகத் தட்டுங்கள். தேனிரும்பும் வார்ப்பு எஃகும் மணிபோல ஒலிக்கும். வார்ப்பிரும்பு 'தொப்' என்று அடங்கிவிடும். ஓசை இல்லாவிட்டால் மட்டமான பட்டடை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அமெரிக்காவின் மிக நல்ல பட்டடைகளில் ஒன்றான ஃபிஷர் வார்ப்பிரும்பு உடல் கொண்டது. ஓசை எழுப்பாததையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். முகத்தின் தரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு எஃகுக் குண்டை 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து முகத்தின்மேல் போடுங்கள். போட்ட உயரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் துள்ளி எழுந்தால் நல்ல முகம்.

சரி, ஓசை அடங்கியது, எழுத்து புடைப்பு, குழி எதுவும் இல்லை. இப்படி இருந்தால் இங்கிலாந்தின் பெரிய பெயர்கள் பட்டியலிலிருந்து அப்போதே விலகிவிடும். மணியோசை, குழிந்த எழுத்து, இடுப்பில் சதுரக் குழி என்றால் ஃபிஷரும், அதேபோல வார்ப்பிரும்பு உடல் கொண்ட வல்கன் என்ற இன்னொரு அமெரிக்கப் பட்டடையும் விலகும். இன்னும் ஒரு எழுத்தைக்கூட நாம் படிக்கவில்லை.

எடை எண்: மூன்று எண்களின் மர்மம்

பக்கவாட்டில், பெயர் இருக்கும் பக்கத்தில் சற்றுக் கீழே, '1 3 12' என்பதுபோல மூன்று எண்கள் தள்ளித்தள்ளி இருக்கிறதா? அதை 1312 என்றோ, செய்த ஆண்டு என்றோ, மாடல் எண் என்றோ நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அது எடை.

இங்கிலாந்தின் பழைய எடை முறையில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு. பழைய தமிழ்க் கணக்கில் இதையே அந்தர் என்றார்கள். பெயரில் நூறு இருந்தாலும் எடை 112தான். 14 பவுண்டு கொண்ட ஸ்டோன் எட்டு சேர்ந்தது. முதல் எண் எத்தனை அந்தர். நடு எண் எத்தனை கால் அந்தர், அதாவது எத்தனை 28 பவுண்டு. கடைசி எண் மீதிப் பவுண்டு. ஆகவே 1 3 12 என்றால் 112, அதோடு மூன்று 28 சேர்த்து 84, அதோடு 12. மொத்தம் 208 பவுண்டு. சுமார் 94 கிலோ.

இந்த முறைக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. நடு எண் 3ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் நான்கு கால் சேர்ந்தால் முழு அந்தர். கடைசி எண் 27ஐத் தாண்ட முடியாது. உங்கள் கண்ணுக்கு '1 5 30' என்று தெரிந்தால் ஏதோ ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அல்லது அது அந்தர் முறையே இல்லை.

எண்ணைப் படித்த பிறகு பட்டடையைத் தராசில் நிறுத்துங்கள். கணக்கும் தராசும் ஒன்றிரண்டு கிலோவுக்குள் ஒத்துப்போனால் படித்தது சரி. தேய்ந்த 3ஐயும் 8ஐயும், 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி கிடையாது. தராசில் எடை நிறையக் குறைந்தால் பட்டடையில் ஒரு பகுதி போயிருக்கிறது: வால் உடைந்து செதுக்கப்பட்டிருக்கலாம், முகம் எந்திரத்தில் சீவப்பட்டிருக்கலாம்.

அந்தர் முறை இருந்தால் இங்கிலாந்தில் செய்தது என்று பெரும்பாலும் நம்பலாம். அமெரிக்கப் பட்டடைகளில் எடை நேரடியாகப் பவுண்டில், ஒரே எண்ணாக இருக்கும்: 150, 208 என்று. ஃபிஷர் மட்டும் தனி வழி. பாதத்தில் 15 என்று இருந்தால் 150 பவுண்டு, 20 என்றால் 200. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் செய்ததில் பெரும்பாலும் கிலோ இருக்கும். எழுத்து முழுக்க அழிந்துபோன பட்டடையில்கூட எடை எண் தப்பித்திருந்தால், அது எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிவிடும்.

எழுத்தை வெளியே கொண்டுவருவது

சுத்தம் செய்வதில்தான் அதிக இழப்பு நடக்கிறது. சாண எந்திரத்தை எடுத்து, துருவோடு முத்திரையையும் சீவித் தள்ளிவிடுகிறார்கள். மணல் பீய்ச்சுவதும் ஆழமில்லாத எழுத்துகளுக்கு ஆபத்து. தயவுசெய்து கையால் தேய்க்கும் கம்பி பிரஷ், கொஞ்சம் எண்ணெய், நிறையப் பொறுமை, இவற்றோடு நிறுத்துங்கள். பழைய வண்ணப்பூச்சு இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்து எடுங்கள்.

படிக்கத் தேவையானது வெளிச்சத்தின் கோணம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்த வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருந்த இடத்தில் நிழல்கள் விழுந்து எழுத்துகள் எழும். டார்ச்சை மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து மாற்றிப் பிடித்து ஒவ்வொரு முறையும் படம் எடுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். அடுத்து, சுண்ணக்கட்டியைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தால் மேட்டுப் பகுதி வெளுத்து, எழுத்து கருப்பாக நிற்கும். மெல்லிய காகிதம் விரித்துப் பென்சிலால் தடவி அச்செடுத்தால் கண்ணைவிடக் காகிதம் சில சமயம் நன்றாகப் படிக்கும்.

இரண்டு பக்கமும் பாருங்கள். கொம்புக்கு நேர் கீழே இருக்கும் பாதத்தின் முன்புறத்தை மறக்கவே மறக்காதீர்கள். கவிழ்க்க முடிந்தால், ஆட்களோடு, பாதுகாப்பாக, அடிப்பாகத்தையும் பாருங்கள்.

இனி பெயர்கள்

இங்கிலாந்தில் இரண்டு இடங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று ஷெஃபீல்டு, ஓடைகளின் நீரோட்டத்தில் சுத்தியல்கள் ஓடிய எஃகு ஊர். மற்றொன்று டட்லி, நிலக்கரியும் இரும்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்த பகுதி.

ஷெஃபீல்டின் புகழ்பெற்ற பட்டடை மவுஸ் ஹோல். பெயருக்கு 'எலி வளை' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1930கள் வரை இந்தப் பட்டறை பட்டடை செய்தது. ஆர்மிட்டேஜ் குடும்பத்தின் பெயரும் அதில் வரும். முந்தைய பட்டடைகளில் வெறும் எழுத்து. பிற்காலத்தவற்றில் ஒரு எலியின் படமே முத்திரையாக இருக்கும். அரைகுறையாகத் தேய்ந்த எலியை அழுக்குத் திட்டு என்று விட்டுவிடுவது எளிது. அதனால் எழுத்தின் அருகில் உருண்டையாக ஏதாவது குழிந்திருந்தால் இரண்டாம் முறை பாருங்கள். எடை எண்களுக்கு நடுவில் புள்ளிகளும் இருக்கும்.

டட்லியின் பீட்டர் ரைட் அநேகமாக உலகில் அதிகம் பரவிய பெயர். 'பீட்டர் ரைட் பேட்டன்ட்' என்ற எழுத்தும், அதோடு 'சாலிட் ராட்' (Solid Wrought) என்ற சொற்கள் வட்டமாகச் சுற்றி வரும் முத்திரையும் இருக்கும். அடித்துச் செய்த தேனிரும்பு என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. பெயர் அழிந்துபோனாலும் பீட்டர் ரைட்டை ஓரளவு அடையாளம் காணலாம்: முன்புறமும் பின்புறமும் பாதங்களின்மேல் ஒரு சிறிய தட்டையான திட்டு இருக்கும். டட்லிப் பகுதியிலிருந்து ஜோசஃப் வில்கின்சன் போன்ற வேறு பெயர்களும் வந்தன.

வில்லியம் ஃபாஸ்டர் என்ற இங்கிலாந்துப் பெயரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பட்டடைகள் பலவற்றில் பெயரோடு செய்த ஆண்டும் குத்தப்பட்டிருக்கிறது. தேடுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை.

அமெரிக்காவில் ஹே-பட்டன் நியூயார்க்கின் புரூக்ளினில் 1890 வாக்கில் தொடங்கி 1920கள் வரை செய்தது. ட்ரென்டன் என்ற பெயரை ஒரு வைர வடிவக் கட்டத்துக்குள் போட்டது ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் கொலம்பஸ் ஃபோர்ஜ் அண்ட் அயர்ன் கம்பெனி. அதே நகரத்தில் கொலம்பஸ் ஆன்வில் அண்ட் ஃபோர்ஜிங் என்ற இன்னொரு கம்பெனி ஆர்ம் அண்ட் ஹாமர் என்ற பெயரில் செய்தது. சுத்தியல் பிடித்த கை அதன் முத்திரை. வார்ப்பிரும்பில் ஃபிஷர், நியூஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் நகரில் ஈகிள் ஆன்வில் வொர்க்ஸில் செய்தது, கழுகு அதன் சின்னம். எஃகு முகத்தை அச்சுக்குள் வைத்து அதன்மேல் உருகிய இரும்பை ஊற்றி இரண்டையும் ஒன்றாக்கும் அவர்களுடைய முறைக்கு 1847இல் காப்புரிமை கிடைத்தது. வல்கன் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்தது, இல்லினாய் அயர்ன் அண்ட் போல்ட் கம்பெனி செய்தது.

பொறிகள் எங்கே என்று கவனித்தீர்களா? ட்ரென்டன் என்று எழுதியிருக்கும் பட்டடை ட்ரென்டன் நகரத்தில் செய்ததல்ல. அந்த நகரத்தில் செய்தது ஃபிஷர். இன்னும் சிக்கல் என்னவென்றால், மிகப் பழைய ட்ரென்டன்கள் அமெரிக்காவிலேயே செய்தவை அல்ல. போக்கர் என்ற வணிக நிறுவனத்துக்காக ஜெர்மனியில் செய்து கொண்டுவரப்பட்டவை. சுத்தியல் பிடித்த கையும் ஆர்ம் அண்ட் ஹாமருக்கு மட்டும் சொந்தமில்லை. வல்கனிலும் அதுபோன்ற கைதான். இங்கேதான் முன்பு பார்த்த உடல் சோதனை கைகொடுக்கிறது. கை குழிந்து, ஓசை மணியாக இருந்தால் ஆர்ம் அண்ட் ஹாமர். கை புடைத்து, ஓசை அடங்கினால் வல்கன். இரண்டுக்கும் தரத்திலும் மதிப்பிலும் நிறைய வேறுபாடு உண்டு.

விற்றவர் பெயரும் செய்தவர் பெயரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் சியர்ஸ் அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் ஆக்மி என்ற பெயரில் பட்டடை விற்றது. செய்தது வேறு பட்டறைகள். அப்படிப்பட்டதில் பெயரை விட்டுவிட்டு உடலமைப்பையும் எண்களின் இடத்தையும் வைத்துத்தான் செய்தவரைப் பிடிக்க முடியும்.

ஸ்வீடனின் ஸோடர்ஃபோர்ஸ், கோல்ஸ்வா இரண்டும் முழு எஃகு வார்ப்புகள். ஸோடர்ஃபோர்ஸில் ஆண்டு போட்டிருப்பதும் உண்டு. இதோடு தொடர்புடைய ஒரு சொல் குழப்பம்: 'காஸ்ட் ஸ்டீல்', வார்ப்பு எஃகு என்ற சொற்கள் பல இங்கிலாந்துக் கருவிகளிலும் இருக்கும். அங்கே அதற்குப் பொருள் வேறு. ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி எஃகு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்த உயர்தர எஃகைத்தான் காஸ்ட் ஸ்டீல் என்றார்கள். இங்கிலாந்துப் பட்டடையில் அந்தச் சொல் இருந்தால் முகத்துத் தகடு நல்ல எஃகு என்று பொருள். பட்டடையே அச்சில் வார்த்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆண்டைக் குறுக்கிப் பிடிப்பது

ஆண்டைச் சொல்வதில் அமெரிக்கப் பட்டடைகள் தாராளமானவை. ஹே-பட்டன், ட்ரென்டன், ஆர்ம் அண்ட் ஹாமர் மூன்றிலும் வரிசை எண் உண்டு. கொம்பு உங்களை நோக்கி இருக்கும்படி நின்று, கொம்புக்குக் கீழே உள்ள பாதத்தின் முன்புறத்தைப் பாருங்கள். வலது பக்கம் வரிசை எண் இருக்கும். ட்ரென்டனிலும் ஆர்ம் அண்ட் ஹாமரிலும் இடது பக்கம் எடையும் இருக்கும். எந்த எண் எந்த ஆண்டில் வந்தது என்ற அட்டவணைகளை ரிச்சர்ட் போஸ்ட்மேன் பல ஆண்டு உழைப்பில் தொகுத்து 'ஆன்வில்ஸ் இன் அமெரிக்கா' என்ற நூலாக 1998இல் வெளியிட்டார். பட்டடை சேகரிப்பவர்கள் இன்றும் ஆண்டைச் சொல்ல அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். ஃபிஷர்கள் பலவற்றில் வாலுக்கு அடியிலோ பாதத்திலோ ஆண்டே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும்.

ஹே-பட்டனில் உடலமைப்பும் காலம் சொல்லும். முந்தையவை தேனிரும்பு உடலும் எஃகுத் தகடு முகமுமாக இருக்கும். பிந்தையவற்றில் இடுப்புக்கு மேலே முழுவதும் எஃகு. கீழே வேறு துண்டு. இடுப்பில் அந்த இணைப்பின் கோடு தெரியும்.

மவுஸ் ஹோல், பீட்டர் ரைட் இரண்டிலும் வரிசை எண் கிடையாது. அதனால் அவற்றுக்குத் துல்லியமான ஆண்டு சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். எழுத்தின் வாசகம், எலி இருக்கிறதா இல்லையா, வட்டத் துளை, உடலின் மெலிவு, இவற்றை வைத்து இருபது, முப்பது ஆண்டு வட்டத்துக்குள் கொண்டுவரலாம். பெயரோடு 'இங்கிலாந்து' என்ற சொல் சேர்ந்திருந்தால் கூடுதல் உதவி. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாட்டின் பெயர் இருந்தால் 1891க்குப் பிந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்தச் சொல் இல்லாததால் 1891க்கு முந்தையது என்று முடிவு கட்டக் கூடாது. சொல் தேய்ந்திருக்கலாம்; வேறு நாட்டுக்கு அனுப்பியதாக இருக்கலாம்; பட்டறை உடனே மாற்றிக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம்.

ஒரு பட்டடையை வாசித்துப் பார்ப்போம்

கையில் ஒரு பட்டடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்க வேண்டிய இடம் தேய்ந்துபோய், ஆங்கில எழுத்து 'பி' (P) போல ஒன்றும், வெகு தள்ளி 'டி' (T) போல ஒன்றும் மட்டும் தெரிகின்றன. கீழே '1 2 11'.

தட்டினால் மணியோசை. இடுப்பில் சதுரக் குழி. எழுத்து குழிவு. ஆக, அடித்துச் செய்த தேனிரும்பு. மூன்று எண்களும் அந்தர் முறைக்குப் பொருந்துகின்றன: 112, இரண்டு 28 சேர்த்து 56, அதோடு 11. மொத்தம் 179 பவுண்டு, சுமார் 81 கிலோ. தராசில் 80 சொச்சம் காட்டுகிறது. இங்கிலாந்து என்று ஆகிவிட்டது. எண்களுக்கு நடுவில் புள்ளி இல்லை. மவுஸ் ஹோல் மீது சந்தேகம் குறைகிறது. பாதங்களின்மேல் முன்னும் பின்னும் தட்டைத் திட்டு. இப்போது 'பி'யும் 'டி'யும் பேசுகின்றன: பீட்டர் ரைட் என்பதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். டார்ச்சைச் சாய்த்துப் பெயருக்குப் பக்கத்தில் தேடினால் வட்டமாகச் சுற்றும் எழுத்துகளில் ஒரு வில் மட்டும் எழுகிறது. அது சாலிட் ராட் வட்டம். வட்டத் துளை இருக்கிறது; 'இங்கிலாந்து' என்ற சொல்லின் தடயம் இல்லை. 'டட்லியின் பீட்டர் ரைட், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியாக இருக்கலாம்' என்று எழுதி வைக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. இந்த அளவோடு நிற்கத் தெரிவது தேடலின் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன்.

பட்டறையை விட்டு வந்த பிறகு

செய்தவர் கதை ஓர் ஆண்டில் முடிந்துவிடும். அதன்பின் நூறு ஆண்டு அதன்மேல் அடித்தவர்களின் கதை. அதுவும் இரும்பிலேயே எழுதியிருக்கிறது.

முகத்தின் நடுவில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில்தான் லட்சக்கணக்கான அடிகள் விழுந்தன. நேரான கோலை வைத்துப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு என்று தெரியும். ஒரு பக்க விளிம்பு மட்டும் உடைந்து சிதறியிருந்தால் கொல்லர் எந்தப் பக்கம் நின்று வேலை செய்தார் என்று ஊகிக்கலாம். படியில் உளித் தழும்புகள் நிறைந்திருந்தால் கம்பியும் பட்டையும் நிறைய வெட்டிய பட்டறை. படி சுத்தமாக இருந்து முகத்திலேயே உளித் தழும்புகள் இருந்தால் பழகாத கைகளும் அதில் வேலை செய்திருக்கின்றன. கொம்பின் முனை மழுங்கி, மேற்புறம் வழவழப்பாகியிருந்தால் வளையமும் லாடமும் அங்கே வளைந்திருக்கலாம்.

உரிமையாளர்கள் குத்திய எழுத்துகளையும் செய்தவர் முத்திரையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்தவர் முத்திரை ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில், உரிய இடத்தில் இருக்கும். உரிமையாளர் எழுத்தோ ஒவ்வொன்றாகத் தனி அச்சால் குத்தியதால் கோணலாக, ஏறி இறங்கி இருக்கும். பெயரின் முதலெழுத்துகள், ரயில்வே கம்பெனியின் சுருக்கம், பண்ணை அடையாளம் என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்று கோடுகள் சேர்ந்த அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. படைப் பட்டறையிலோ அரசுக் கிடங்கிலோ ஒரு காலம் இருந்திருக்கிறது.

கொடுத்தவரிடம் கேட்பதை ஒத்திப்போடாதீர்கள். யாரிடமிருந்து வாங்கினார்கள், அந்தப் பட்டறை எங்கே இருந்தது, என்ன வேலை நடந்தது, பழைய படம் ஏதும் உண்டா? வயதானவர்கள் சொல்லும் ஆண்டு தவறலாம். ஊரும் ஆட்களின் பெயரும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, சொன்ன தேதியோடு எழுதுங்கள். நீங்கள் ஊகித்ததைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த கைக்குப் போகும்போது ஊகமும் வரலாறாகிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளம் விழுந்த முகத்தை எந்திரத்தில் சீவிப் புதிதுபோல ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டவைத்த எஃகுத் தகடு பெரும்பாலும் அரை அங்குலம் சுற்றித்தான் இருக்கும். தேய்ந்தது போக மீதி இன்னும் குறைவு. சீவினால் கடினமான பரப்பு போய், மென்மையான இரும்பு வெளியே வந்துவிடும். பெரிதாகச் சூடேற்றினாலும் முகத்தின் கடினப்பதம் போகும். மெல்லிய எண்ணெய் பூசி, அடியில் மரக்கட்டை வைத்து, மழை படாத இடத்தில் நிறுத்துங்கள். எடை, எண்கள், பாதத்தின் படங்கள், காகிதத்தில் எடுத்த அச்சு, கேட்டறிந்த பெயர்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அந்த மரக்கட்டையோடு சேர்த்து வையுங்கள்.